கானகத்தின் சாட்சி

நுழையும்முன்

காடு என்பது மரங்களின் கூட்டம் மட்டுமன்று. புல், மான், புலி, பாறு, மீன், மனிதர் என ஒன்றையொன்று சார்ந்து வாழும் உயிர்களின் பிணைப்பே காடு. அப்பிணைப்பில் ஓர் இழை அறுந்தால் மற்ற இழைகள் என்னவாகும் என்பதைத் தம் வாழ்நாளிலேயே கண்டவர் ஒருவர். அவர் அறிவியலாளர் அல்லர், வேட்டைக்காரர். பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியாக இருந்த தருமபுரிக் காடுகளைத் தம் எழுத்தால் உலகறியச் செய்த கென்னத் ஆண்டர்சனின் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

ஒகேனக்கல் சாலை

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறக்குறைய 46 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பென்னாகரத்தைக் கடந்ததும் சாலை காவிரியை நோக்கி இறங்கத் தொடங்குகிறது. இருமருங்கும் இலையுதிர் காடு. கோடையில் பழுப்பும் மழைக்குப்பின் பசுமையுமாக அது நிறம் மாறும். இன்று அருவியில் நீராடவும் பரிசலில் செல்லவும் விரும்பும் மக்கள் இச்சாலையில் நாள்தோறும் பயணம் செய்கின்றனர்.

இதே சாலையில் பொழுது சாய்ந்தபின் மாட்டுவண்டி ஓட்ட மக்கள் அஞ்சிய காலமும் இருந்தது. மூங்கில் வெட்டச் சென்றவர்களும் மாடு மேய்க்கச் சென்றவர்களும் வீடு திரும்பும்வரை ஊரார் கவலையுடன் காத்திருந்த காலம் அது. அச்சத்திற்குக் காரணம் புலி. அப்புலி ஏன் மனிதரைத் தேடி வந்தது என்னும் வினாவுக்கு விடை தேடியவர் கென்னத் ஆண்டர்சன்.

இளமையும் பணியும்

கென்னத் ஆண்டர்சன் 1910ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். இவருடைய முன்னோர் ஸ்காட்லாந்திலிருந்து வந்து பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்தவர்கள். பெங்களூருவில் பிஷப் காட்டன் பள்ளியிலும் தூய வளனார் கல்லூரியிலும் பயின்றார். சட்டம் படிப்பதற்காக எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார். ஆனால், அப்படிப்பை நிறைவு செய்யாமலேயே இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். அவர் மனம் தென்னிந்தியக் காடுகளிலேயே இருந்தது.

அஞ்சல் தந்தித் துறையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர்ப் பெங்களூரு வானூர்தித் தொழிற்சாலையில் பொறுப்பான பதவி வகித்தார். வேட்டையை அவர் தொழிலாகக் கொள்ளவில்லை. அலுவலக விடுமுறை கிடைத்தபோதெல்லாம் காட்டுக்குச் சென்றார். பெங்களூருவிலிருந்து தெற்கே வந்தால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி. அங்கிருந்து காடு தொடர்ந்து பென்னாகரத்தையும் காவிரிக்கரையையும் தொடும். இந்நிலப்பரப்பே அவருடைய இரண்டாவது வீடாயிற்று.

காடு கற்பித்த பாடம்

காட்டைப் பற்றிய அறிவை ஆண்டர்சன் நூல்களிலிருந்து பெறவில்லை. அவருக்கு ஆசிரியர்களாக அமைந்தவர்கள் இப்பகுதியின் எளிய மனிதர்களே. அவர்களுள் முதன்மையானவர் பைரா. பூசாரி என்னும் காட்டுவாழ் குடியைச் சேர்ந்தவராக அவரை ஆண்டர்சன் அறிமுகப்படுத்துகிறார். சின்னாற்றின் கரையில் மண்ணைக் குடைந்து அமைத்த சிறு குழியே பைராவின் குடும்பம் வாழ்ந்த இடம். கந்தையைத் தவிர வேறுடைமை இல்லாத அவர், காலடித் தடத்தைக் கொண்டே சென்றது எந்த விலங்கு, எப்போது சென்றது, எவ்வளவு விரைந்து சென்றது என்று கூறிவிடுவார். பென்னாகரத்தைச் சேர்ந்த ரங்கா மற்றொரு துணைவர்.

இவ்விருவரும் சட்டத்தை மீறி வேட்டையாடியவர்களே. வறுமை ஒருபுறமும் காட்டறிவு மறுபுறமுமாக இருந்த அவர்களுடைய வாழ்வை ஆண்டர்சன் மறைக்காமல் எழுதினார். அவர்களைக் குற்றவாளிகளாக மட்டும் பார்க்காமல், நண்பர்களாகவும் ஆசான்களாகவும் மதித்தார்.

காட்டு மொழியை அவர்களிடமிருந்து அவர் கற்றார். குரங்கு மரக்கிளையிலிருந்து எழுப்பும் எச்சரிக்கை ஒலி, கடமானின் திடீர்க் குரல், கேளையாட்டின் குரைப்பு ஆகியவை புலியோ சிறுத்தையோ நகர்வதை மற்ற விலங்குகளுக்கு அறிவிக்கின்றன. ஓர் உயிரின் அச்சம் மற்றோர் உயிரின் பாதுகாப்பாகிறது. ஒன்றின் இரை மற்றொன்றின் எச்சமாகிறது. சூழலியலாளர் உணவுவலை என்று விளக்குவதை, மரத்தடியில் இரவு முழுவதும் விழித்திருந்து அவர் செவியால் உணர்ந்தார்.

ஆட்கொல்லியை உருவாக்கியது யார்?

1939 முதல் 1966 வரையிலான காலத்தில் எட்டு ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் ஏழு ஆட்கொல்லிப் புலிகளையும் ஆண்டர்சன் வீழ்த்தியதாக அரசுப் பதிவுகள் கூறுகின்றன. இந்த எண்ணிக்கை அவருக்குப் புகழைத் தேடித் தந்தது. எனினும், அவர் எழுதிய நூல்களை ஊன்றிப் படிப்போருக்குச் சுட்டு வீழ்த்திய நிகழ்வைவிட, அதற்கு முந்தைய நிகழ்வுகளே மனத்தில் நிற்கும். ஒவ்வொரு விலங்கும் எதனால் மனிதரைத் தாக்கத் தொடங்கியது என்பதை அவர் துருவி ஆராய்ந்தார்.

இயல்பாகப் புலி மனிதரைக் கண்டால் விலகிச் செல்லும். மானும் பன்றியும் கிடைக்கும் வரையில் அது மனிதரை நாடுவதில்லை. முதுமை, காயம், இரைப் பற்றாக்குறை ஆகியவற்றுள் ஒன்று நேரும்போதே அந்த இயல்பு மாறுகிறது. கும்மளாபுரத்தில் பலரைக் கொன்ற சிறுத்தையின் பாதத்தில் முள்ளம்பன்றியின் முட்கள் ஒடிந்து புதைந்திருந்ததை அவர் கண்டார். விரைந்தோடும் இரையைப் பிடிக்க இயலாத அவ்விலங்கு, எளிதில் பிடிபடும் மனிதரை நாடியது. இது இயற்கையால் நேர்ந்த காயம். ஆனால், அவர் எழுதிய நிகழ்வுகள் பலவற்றில் காயத்திற்குக் காரணம் துப்பாக்கிக் குண்டாகவே இருந்தது.

ஜவளகிரிப் பெண்புலியின் கதை இதற்குச் சான்று. கள்ள வேட்டைக்காரர்கள் அதன் துணையைச் சுட்டுக் கொன்றனர். துணையை இழந்த புலி இரவுதோறும் ஊரின் அருகே சுற்றிச் சுற்றிக் குரல் கொடுத்தது. மக்கள் நடுங்கினர். அதைச் சுட வந்த ஒருவரின் குண்டு உயிரைப் பறிக்கவில்லை. காயத்தை மட்டும் தந்தது. அதுவரை மனிதரைத் தொடாத புலி அதன்பின் ஆட்கொல்லியாயிற்று. ஆடு மாடு மேய்ப்போரும் வழிப்போக்கரும் அதற்கு இரையாயினர்.

அப்புலியை வீழ்த்த ஆண்டர்சன் பல நாள் முயன்றார். இறுதியில் ஆண்புலியின் குரலைத் தாமே எழுப்பி அதை அழைத்தார். இழந்த துணை திரும்பிவிட்டது என்று நம்பி வந்த புலி, அவருடைய குண்டுக்கு இரையாயிற்று. ஊர் அச்சம் நீங்கியது. ஆயினும், இக்கதையைப் படித்து முடிப்போர் மனத்தில் வெற்றிக் களிப்பு எழுவதில்லை. மாண்ட மனிதர்களுக்காகவும் வருந்துகிறோம். ஏமாந்து வந்த புலிக்காகவும் வருந்துகிறோம். இரண்டு துயரங்களுக்கும் தொடக்கம் ஒன்றே. சட்டத்தை மீறிய ஒரு துப்பாக்கியே அது.

தெரிந்து தெளிவோம்

• 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. ஆண்டர்சன் எழுதிய ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ஆகியவை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளன.
• தருமபுரி மாவட்டத்தில் பாயும் சின்னாறு, ஒகேனக்கல்லில் காவிரியுடன் கலக்கிறது.

மாறிய காடு

ஆண்டர்சனின் இளமையில் காட்டுக்குச் செல்வது கடினமாக இருந்தது. பாதைகள் குறைவு, வண்டிகள் குறைவு, துப்பாக்கி வைத்திருந்தோரும் குறைவு. நாடு விடுதலை பெற்ற பின்னர் இந்நிலை விரைந்து மாறியது. காட்டின் உட்பகுதிவரை மோட்டார் வண்டிகள் சென்றன. இரவில் வலிய விளக்கொளியைப் பாய்ச்சினால் மான்கள் கண் கூசி அசையாமல் நின்றுவிடும். வண்டியை விட்டு இறங்காமலேயே அவற்றைச் சுட்டு ஏற்றிச் செல்லும் பழக்கம் பரவியது. இதனை ஆண்டர்சன் மிகவும் வெறுத்தார். தம் பிற்கால நூல்களில் இக்கொடுமையை மீண்டும் மீண்டும் கண்டித்தார்.

மான் குறைந்தால் புலி என்ன செய்யும்? காட்டுக்குள் அமைந்த பட்டிகளில் அடைக்கப்பட்டிருக்கும் மாடுகளைத் தேடி வரும். மாட்டை இழந்த குடியானவனுக்கு அது பேரிழப்பு. ஏர் உழவும் பால் கறக்கவும் அவனுக்கு வேறு வழியில்லை. சினமுற்ற அவன், புலி பாதி தின்று விட்டுச்சென்ற மாட்டின் உடலில் நஞ்சு தடவுவான். வயலில் பூச்சிகளைக் கொல்வதற்காக வந்த மருந்தே இதற்குப் பயன்பட்டது. அந்த இறைச்சியைப் புலி மட்டும் உண்பதில்லை. நரியும் கழுதைப்புலியும் உண்ணும். வானில் வட்டமிடும் பாறுகள் கூட்டமாக இறங்கி உண்ணும். ஒரு புலிக்காக வைத்த நஞ்சு காட்டின் துப்புரவுப் பணியாளர்களையும் சேர்த்துக் கொன்றது.

மேய்ச்சலும் தன் பங்கைச் செய்தது. ஊர் மாடுகள் மிகுதியாக மேய்ந்த இடங்களில் மான்களுக்குரிய புல் குறைந்தது. மாடுகளிடமிருந்து நோய்களும் காட்டு விலங்குகளுக்குப் பரவின. 1968ஆம் ஆண்டு பந்திப்பூர், முதுமலைப் பகுதிகளில் வெக்கை நோயால் காட்டுமாடுகள் பெருமளவில் மடிந்தன.

மற்றொரு மாற்றம் பூவின் வடிவில் வந்தது. அழகுக்காக அமெரிக்க நாடுகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, தோட்டங்களைத் தாண்டிக் காடுகளுக்குள் புகுந்தது. வெட்டப்பட்ட இடங்களிலும் தீயால் கருகிய இடங்களிலும் அது அடர்ந்து பரவி, புல்லையும் நாட்டு மரக்கன்றுகளையும் வளரவொட்டாமல் தடுத்தது. ஆண்டர்சனின் கதைகளில் புலி பதுங்கும் புதராக இச்செடி அடிக்கடி இடம்பெறுகிறது. புதர் பெருகியதும் புல் குறைந்ததும் ஒரே நிகழ்வின் இருபக்கங்கள் என்பதை இன்று நாம் அறிவோம்.

மேற்கூறியவற்றுள் எதுவும் காட்டை அழிக்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் நிகழவில்லை. ஒருவர் உணவுக்காகச் சுட்டார். ஒருவர் மாட்டைக் காக்க நஞ்சு வைத்தார். ஒருவர் அழகுக்காகச் செடி நட்டார். தனித்தனியே பார்த்தால் சிறியவையாகத் தோன்றும் இச்செயல்கள் ஒன்றுசேர்ந்தபோது காட்டின் சமநிலை குலைந்தது.

துப்பாக்கியிலிருந்து ஒளிப்படக்கருவிக்கு

இக்கணக்கில் ஆண்டர்சனின் பெயரும் உண்டு. அவர் வீழ்த்திய விலங்குகள் அனைத்தும் மனிதரைக் கொன்றவை என்று கூற இயலாது. வேட்டையை வீரமாகவும் பொழுதுபோக்காகவும் போற்றிய காலத்தில் வளர்ந்தவர் அவர். உரிமம் பெற்றவர்களுக்குக் காட்டு விலங்கைச் சுடுவது சட்டப்படி ஏற்கப்பட்ட செயலாகவே அன்று இருந்தது. அவருடைய சிறப்பு, தம் காலத்தின் பிழையை அறவே தவிர்த்தார் என்பதில் இல்லை. கண்ட உண்மை தம்மை மாற்ற இடங்கொடுத்தார் என்பதே அவருடைய சிறப்பு.

காலம் செல்லச் செல்ல அவர் துப்பாக்கியைக் குறைத்து, ஒளிப்படக்கருவியைக் கையில் எடுத்தார். விலங்கைக் கொல்லாமல் அதன் வாழ்வைப் பதிவுசெய்வதில் இன்பம் கண்டார். முன்பு இரவெல்லாம் ஒலித்த குரல்கள் அடங்கிவிட்டதை எழுத்தில் வருந்தினார். தென்னிந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புக்காகத் தொடக்கத்திலேயே குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவரானார்.

அவருடைய முதல் வேட்டை நூல் 1954இல் வெளிவந்தது. தொடர்ந்து வந்த நூல்களின் வழியாகப் பென்னாகரமும் சின்னாறும் ஜவளகிரியும் கடல்கடந்த வாசகர்களுக்கும் அறிமுகமாயின. வடக்கே குமாவுன் மலைப்பகுதிக்கு ஜிம் கார்பெட் எவ்வாறோ அவ்வாறே தென்னகக் காடுகளுக்கு ஆண்டர்சன் என்று வாசகர்கள் போற்றுகின்றனர். இருவருமே வேட்டைக்காரர்களாகத் தொடங்கிக் காட்டுயிர்க் காவலர்களாக முதிர்ந்தவர்கள்.

1970ஆம் ஆண்டு இந்தியாவில் புலிவேட்டை தடைசெய்யப்பட்டது. 1972ஆம் ஆண்டு நடைபெற்ற கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 1,827 புலிகளே எஞ்சியிருப்பதாகத் தெரியவந்தது. அதே ஆண்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. அவர் அஞ்சியது உண்மை என்பதை அந்த எண் உறுதிப்படுத்தியது. மறு ஆண்டே, 1974 ஆகஸ்ட் 30ஆம் நாள், புற்றுநோயால் பெங்களூருவில் ஆண்டர்சன் காலமானார்.

இன்றைய காடு

ஆண்டர்சன் நடந்த காடு முற்றிலும் அழிந்துவிடவில்லை. காவிரியின் கரையோரம் இன்றும் யானைகள் நீர் அருந்த வருகின்றன. நரைத்த அணில் மரத்துக்கு மரம் தாவுகிறது. நீர்நாய் மீன் பிடிக்கிறது. முதலை பாறையில் வெயில் காய்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காடுகளை உள்ளடக்கி 2014இல் 504 சதுரகிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்குக் காட்டுயிர் உறைவிடம் அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2022இல் 686 சதுரகிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்குக் காட்டுயிர் உறைவிடம் அமைந்தது. காவிரிக்கு அப்பால் கர்நாடகத்திலும் காடு தொடர்வதால் யானைகளின் வலசைக்கு இந்நிலப்பரப்பு இன்றியமையாதது. நாடு முழுவதும் புலிகளின் எண்ணிக்கையும் உயர்ந்துள்ளது. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அது 3,682 ஆகும்.

ஆயினும், மனிதருக்கும் விலங்குக்கும் இடையேயான மோதல் ஓயவில்லை. வடிவம் மட்டுமே மாறியிருக்கிறது. காட்டின் விளிம்பில் விளையும் கேழ்வரகும் கரும்பும் வாழையும் யானையை ஈர்க்கின்றன. ஓராண்டு உழைப்பு ஓரிரவில் அழிவதைக் காணும் உழவரின் துயரம் பெரிது. சில இடங்களில் அத்துயரம் தவறான வழியைத் தேடுகிறது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் மாரண்டஅள்ளி அருகே விளைநிலத்தில் சட்டத்திற்குப் புறம்பாக அமைக்கப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் உயிரிழந்தன. அவற்றுடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் உயிர் தப்பின.

மாட்டின் உடலில் தடவிய நஞ்சுக்கும் வயலைச் சுற்றிய மின்கம்பிக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி உள்ளது. எனினும், இரண்டுக்கும் பின்னே நிற்கும் சிக்கல் ஒன்றே. காட்டின் இழப்பையும் உழவரின் இழப்பையும் தனித்தனியே பார்க்கும் வரை இரண்டுக்கும் தீர்வு கிடைக்காது. பயிரிழப்புக்குக் காலந்தாழ்த்தாத இழப்பீடு, யானை நெருங்குவதை ஊருக்கு அறிவிக்கும் முன்னெச்சரிக்கை, வலசைப் பாதையில் கட்டடம் எழுப்பாத கட்டுப்பாடு, உண்ணிச்செடியை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணி ஆகியவை ஒருங்கே நடைபெற வேண்டும். காட்டை அறிந்த பழங்குடி மக்களின் பட்டறிவு அப்பணிகளுக்குத் துணையாக வேண்டும். சின்னாற்றங்கரைக் குழியில் வாழ்ந்த பைராவிடம் பாடம் கேட்ட ஆண்டர்சனின் பணிவு நமக்கும் தேவை.

ஒரு புலி ஊருக்குள் வந்தால் அதை எவ்வாறு அகற்றுவது என்பதே நம் முதல் வினாவாக இருக்கிறது. அது ஏன் வந்தது என்பதே ஆண்டர்சன் எழுப்பிய வினா. தருமபுரியின் காடுகளில் அவர் பதித்த காலடிகள் மறைந்துவிட்டன. அவர் கேட்ட வினா மறையவில்லை. அதற்கு விடை காணும் கடமை, இக்காடுகளின் அருகே வாழும் தலைமுறைக்கு உரியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஏரி, குன்று, காடு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 50 ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த உயிரினங்களைப் பற்றி ஊர்ப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. மான்கள் குறைவதால் தொடங்கிப் பாறுகள் மடிவது வரையிலான தொடர் விளைவுகளைப் படமாக வரைந்து வகுப்பறையில் விளக்குக.
3. காட்டின் விளிம்பில் பயிர் செய்யும் உழவர், வனத்துறைப் பணியாளர், பழங்குடி முதியவர் ஆகிய மூவரும் யானை வருகையைப் பற்றிக் கலந்துரையாடுவதாக உரையாடல் ஒன்று எழுதுக.